மோட்டார் சைக்கிள் விளக்கு: வெளிச்சம் எங்கே போகிறது?

நமது நாட்டின் சாலைகளில் 2022-ம் வருஷத்தில் மட்டும் 1,68,491 பேர் விபத்துக்களில் மாண்டனர். இது மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கு. மாண்டவர்களில் 74,897 பேர் இரு சக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள்; அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல். ஒரு நாளை மும்மூன்று மணி நேரமாகப் பிரித்துப் பார்த்தால், மாலை 6 மணி முதல் 9 மணி வரையுள்ள பொழுதில்தான் விபத்துக்கள் மிகுதி என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டிருந்தால் நாடே கொதித்து எழுந்திருக்கும். சாலையில் மாள்வதை விதி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

இந்தச் சாவுகள் அனைத்துக்கும் விளக்கே காரணம் என்று நாம் சொல்லவில்லை. குடி, வேகம், தலைக்கவசம் இன்மை, குண்டும் குழியுமான சாலை, விளக்கில்லாமல் நிறுத்தப்படும் லாரி இவை யாவும் காரணங்களே. ஆயினும், இவற்றில் பல தனி மனிதனின் கையில் இல்லை. சாலையை ஒருவன் தனியாகச் செப்பனிட முடியாது. பிறர் குடிப்பதை நிறுத்தவும் முடியாது. தன் வண்டியின் விளக்கைச் சரிப்படுத்துவதோ அவனவன் கையில் இருக்கும் காரியம். அதிகச் செலவில்லாத காரியமுங்கூட. அப்படியிருந்தும், பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. செய்ய முற்படுகிறவர்களில் பலரும் தவறான வழியிலேயே செய்கிறார்கள். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. எதிரே ஒரு மாடு நிற்பதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கையும் காலும் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். பிறகு, நல்ல சாலையில் நல்ல பிரேக்கு பிடித்தாலும் வண்டி நிற்பதற்கு மேலும் 28 மீட்டர் வேண்டும். ஆக, மொத்தம் 53 மீட்டர். வேகம் 80 கிலோமீட்டரானால் இந்தத் தூரம் 80 மீட்டரைத் தாண்டிவிடும். 40 கிலோமீட்டரானால் 29 மீட்டரில் நின்றுவிடலாம்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளிது. விளக்கு 30 மீட்டர்தான் காட்டுகிறது என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் கண்ணை மூடிக்கொண்டு செல்பவனுக்குச் சமானம். தடையை அவன் காணும்போதே அதில் மோதுவது தீர்மானமாகிவிடுகிறது. கறுப்பு எருமையும், பின்விளக்கில்லாத கட்டை வண்டியும், கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ஓரமாக நடக்கும் கிழவரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. இவர்களைக் காண்பதற்கு நகரத்து விளம்பரப் பலகையைக் காண்பதைவிடப் பன்மடங்கு வெளிச்சம் தேவை.

வழியில் கொள்ளை போகும் மின்சாரம்

வெளிச்சம் போதவில்லை என்றவுடன், அதிக வாட் உள்ள பல்பை வாங்கிப் போடுவதே நமது வழக்கமாக இருக்கிறது. குறையோ பெரும்பாலும் பல்பில் இல்லை. பல்புக்கு வந்து சேர வேண்டிய மின்சாரம் வழியிலேயே குறைந்துவிடுகிறது.

இன்று பெரிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் உள்ளது எச்-4 என்னும் ஆலஜன் பல்பு. 12 வோல்ட்டு வண்டிகளுக்கானது; தூர வெளிச்சத்துக்கு 60 வாட், தாழ்ந்த வெளிச்சத்துக்கு 55 வாட். 13.2 வோல்ட்டு கிடைத்தால், தூர வெளிச்சத்தில் 1,650 லூமனும் தாழ்ந்த வெளிச்சத்தில் 1,000 லூமனும் தர வேண்டும் என்பது அதன் இலக்கணம். சிறிய வண்டிகளில் உள்ள எச்.எஸ்.-1 என்னும் 35 வாட் பல்பின் இலக்கணம் முறையே 825, 525 லூமன். அதாவது பெரியதில் ஏறக்குறையப் பாதி.

ஆலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட்டு சிறிது குறைந்தாலும் வெளிச்சம் பெரிதும் குறைந்துவிடும். விஞ்ஞானிகள் கண்ட கணக்குப்படி, வெளிச்சமானது வோல்ட்டின் ஏறத்தாழ 3.4 மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. பல்புக்கு 13.2 வோல்ட்டுக்குப் பதிலாக 12 வோல்ட்டு கிடைத்தால், குறைந்தது நூற்றுக்கு 9 பங்கு வோல்ட்டுதான். ஆனால் நூற்றுக்கு 28 பங்கு வெளிச்சம் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய 1,000 லூமனில் 720 லூமனே சாலையில் விழும்.

இந்த 1.2 வோல்ட்டு எங்கே போயிற்று? மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, சாவி ஸ்விச்சு, விளக்கு ஸ்விச்சு, கைப்பிடியிலுள்ள டிப் ஸ்விச்சு ஆகியவற்றைச் சுற்றிக்கொண்டு பல்புக்கு வருகிறது. மறுபடியும் பாட்டரிக்குத் திரும்புகிறது. பல வண்டிகளில் இந்தக் கம்பி அரை சதுர மில்லிமீட்டர் பருமன் கொண்டது. அப்படிப்பட்ட தாமிரக் கம்பிக்கு மீட்டருக்கு 0.035 ஓம் தடை உண்டு. போக வர 4 மீட்டர் என்றால் 0.14 ஓம். அதன் வழியே 5 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட்டு கம்பியிலேயே நஷ்டம். துருவும் அழுக்கும் ஏறிய ஸ்விச்சுகளும் இணைப்புகளும் இன்னும் அரை வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. கணக்கு சரியாகிவிட்டது. வாய்க்கால் தூர்ந்திருக்கையில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்துதான் என்ன பயன்? கடைமடை காய்ந்துதான் கிடக்கும்.

பழைய புல்லட் வண்டிகளை வைத்திருப்போருக்கு இந்த உண்மை நன்கு தெரியும். 1955-ம் வருஷத்தில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட்டுகள் உருவாகத் தொடங்கின. பழைய வண்டிகளில் இருந்தது 6 வோல்ட்டு மின்சாரம். 30 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் தேவை. ஓட்டம் இரட்டிப்பதால் கம்பியில் நஷ்டமும் இரட்டிக்கிறது. மூலதனமோ பாதியாக இருக்கிறது. ஆகவே நஷ்டத்தின் விகிதம் நான்கு மடங்கு. அந்த வண்டிகளின் விளக்கு மின்மினியைப் போல் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வதில் மிகையில்லை.

பெரிய பல்பு பெரிய ஏமாற்றம்

இப்போது, 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் பல்பைப் போடுகிறவரின் கதியைப் பார்ப்போம். ஓட்டம் 5 ஆம்பியரிலிருந்து 8.3 ஆம்பியராக உயருகிறது. அதே கம்பியில் முன்பு 1.2 வோல்ட்டு நஷ்டமென்றால், இப்போது ஏறக்குறைய 2 வோல்ட்டு. 13.2-க்குப் பதில் 11.2 வோல்ட்டே பல்பை அடைகிறது. பெரிய பல்பு தன் முழு வெளிச்சத்தில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் இழந்து நிற்கிறது. இழந்தது சும்மா போகவில்லை. கம்பியிலும் ஸ்விச்சிலும் உஷ்ணமாக மாறுகிறது. முன்பு 6 வாட் உஷ்ணம். இப்போது 16 வாட்டுக்கு மேல். கம்பியின் உறை உருகுவதும், பல்பு மாட்டும் ஹோல்டர் கருகுவதும், டிப் ஸ்விச்சு தீய்ந்து, ஓடும் வண்டியில் நடு இரவில் விளக்கே அணைந்துபோவதும் இதன் பயனேயாகும். வண்டியின் மின்சார உற்பத்திக் கருவிக்கும் இவ்வளவு சுமையைத் தாங்கும் சக்தி இருப்பதில்லை. பாட்டரி நாளுக்கு நாள் வறண்டுவிடுகிறது.

எது சரியான வழி?

சரியான வழி, இருக்கும் பல்புக்கு அதன் முழு உணவையும் கொடுப்பதுதான். அதற்கு உபாயம் ரிலே என்னும் சிறு கருவி. அதனுள்ளே ஒரு மின்காந்தச் சுருளும், அதனால் இழுக்கப்பட்டு மூடித் திறக்கும் ஒரு வாயிலும் இருக்கின்றன. சுருளை இயக்க அரை ஆம்பியர்கூட வேண்டியதில்லை. ஆகவே, பழைய கம்பியும் பழைய ஸ்விச்சும் இனிமேல் அந்தச் சிறு ஓட்டத்தை மட்டும் தாங்கினால் போதும். அவை கட்டளை இடும். வேலையை வேறு கம்பி செய்யும்.

அந்த வேறு கம்பி, 2 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ளதாக, பாட்டரியிலிருந்து நேரே ரிலேக்கும், ரிலேயிலிருந்து பல்புக்கும் செல்ல வேண்டும். பருமன் நான்கு மடங்கானால் தடை நான்கில் ஒரு பங்காகிவிடும். தூர வெளிச்சத்துக்கு ஒன்று, தாழ்ந்த வெளிச்சத்துக்கு ஒன்று என்று இரண்டு ரிலேக்கள் வேண்டும். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியையும் மறந்துவிடக் கூடாது. வண்டியின் இரும்புச் சட்டத்தையே நம்பியிராமல், பல்பிலிருந்து பாட்டரியின் எதிர்முனைக்கு ஒரு தனிக் கம்பி கொண்டு செல்வது நலம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டரிக்கு மிக அருகிலேயே தக்க அளவுள்ள ஒரு பியூஸ் இருந்தாக வேண்டும். பியூஸ் இல்லாத கம்பி எங்கேனும் உராய்ந்து இரும்பில் பட்டால், பெட்ரோல் டாங்கிக்கு அடியிலேயே தீ மூளும். இந்த ஒன்றில் சிக்கனம் பார்ப்பவர் தம் உயிரில் சிக்கனம் பார்ப்பவராவார்.

இந்த வேலையைச் செய்வதற்கு முன் ஒரு பரீட்சை செய்துகொள்ளலாம். எஞ்சினை ஓட விட்டு, விளக்கை எரியச் செய்து, மின்மானியால் பாட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட்டை அளக்க வேண்டும். பிறகு பல்பின் முனைகளில் அளக்க வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் கம்பியில் கோளாறு உண்டு என்று அறியலாம். சில சமயங்களில் ரிலேகூடத் தேவைப்படாது. துருவேறிய இணைப்புகளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதி வெளிச்சம் திரும்பி வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு பாட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் சுழற்சியில் உற்பத்தியாகும் மாறுதிசை மின்சாரத்தில் நேரே எரிகிறது. எஞ்சின் வேகம் தணிந்தால் விளக்கு மங்கும், ஏறினால் பிரகாசிக்கும். இத்தகைய வண்டியில் ரிலேயை மட்டும் வைத்துப் பாட்டரியோடு இணைத்தால் பாட்டரி காலியாகிவிடும். மின்சார உற்பத்தி முறையையே மாற்றியமைத்த பிறகுதான் மேற்சொன்ன ஏற்பாடு பயன்படும். தெரிந்த மெக்கானிக்கைக் கலக்காமல் இதில் கை வைக்கக் கூடாது.

மற்றும், ஆலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் உஷ்ணத்தில் அளவு கடந்து சுட்டு, பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். விளக்கின் உட்பக்கத்து வெள்ளிப் பூச்சு மங்கிப் போயிருந்தால், எந்தப் பல்பும் எந்தக் கம்பியும் உதவாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

எல்.ஈ.டி. மோகம்

இப்பொழுது கடைத்தெருவில் எங்கு பார்த்தாலும் எல்.ஈ.டி. பல்புகள் குவிந்து கிடக்கின்றன. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வெளிச்சம் என்பது உண்மையே. எல்.ஈ.டி.க்கென்றே வடிவமைத்த முகப்பு விளக்கோடு வரும் புதிய வண்டிகளைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. ஆட்சேபம், ஆலஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் எல்.ஈ.டி. பல்பைச் செருகுவதைப் பற்றியது.

முகப்பு விளக்கின் கிண்ணம் அங்குல அங்குலமாகக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. ஆலஜன் பல்பின் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்திலிருந்து வரும் ஒளியை மட்டுமே அது சாலையில் ஒழுங்காகப் பரப்பும். ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒழுங்கு கெடும். மலிவான எல்.ஈ.டி. பல்புகளில் ஒளிச் சில்லுகள் இழையின் இடத்திலும் இல்லை; இழையின் உருவத்திலும் இல்லை. அதனால் ஒளி சாலையில் விழாமல், எதிரே வருவோரின் கண்ணிலும் மரக்கிளைகளிலும் சிதறுகிறது. ஓட்டுபவருக்கோ தம் முன்னே பத்தடி தூரம் பளபளவென்று வெள்ளையாகத் தெரிவதால், பிரமாதமான வெளிச்சம் என்ற மயக்கம் உண்டாகிறது. அருகே மிகுந்த பிரகாசம் இருந்தால், தூரத்து இருட்டைக் காணும் சக்தியைக் கண் இழக்கிறது என்பதை அவர் அறிவதில்லை.

ஜெர்மனியில் 2020-ம் வருஷம் முதல் இத்தகைய மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால், எந்தப் பல்பு எந்த மாதிரி வண்டியின் விளக்கில் பொருந்தும் என்று சோதித்துப் பார்த்த பிறகே, அந்த மாதிரிக்கு மட்டும் அனுமதி தருகிறார்கள். இங்கோ பல்பு மாட்டும் துவாரத்தில் நுழைந்தால் போதும், விற்பனை முடிந்தது. உற்பத்தியாளர் அமைத்த முறைக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது, பல்பு கடையில் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதேயில்லை.

எதிரே வருபவரும் மனிதரே

இவ்விஷயத்தில் முக்கியமான தர்மம் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். சாலையில் விளக்கு இருப்பது நாம் பார்ப்பதற்காக மட்டுமன்று. பிறர் பார்வையைக் கெடுக்காமல் நாம் பார்ப்பதற்காக. கண்ணில் கடும் ஒளி பாய்ந்தால், அது தெளிவதற்குச் சில வினாடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். மூன்று வினாடி என்று கொண்டாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 50 மீட்டர் தூரத்தைக் குருடராகக் கடக்கிறார். அந்த 50 மீட்டருக்குள் யார் நடந்து செல்கிறார்களோ, அவர்களுடைய உயிர் நமது டிப் ஸ்விச்சில் இருக்கிறது. எதிரே வண்டி கண்டவுடன் வெளிச்சத்தைத் தாழ்த்துவது மரியாதை மட்டுமல்ல, கடமையுமாகும்.

விளக்கின் குறியும் சரியாயிருக்க வேண்டும். சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஏறிச் செல்லும் பேர்களையும் ஏற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். தாழ்ந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கு மையத்தின் உயரத்தைக் காட்டிலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் சரி. நம் நாட்டில் மனைவியும் குழந்தையும் பின்னால் அமர, ஒரு குடும்பமே ஒரு வண்டியில் செல்வது வழக்கம். பின்பாரம் ஏற ஏற வண்டியின் முகம் நிமிர்கிறது. வெளிச்சம் சாலையை விட்டு எதிரிலிருப்போர் முகத்துக்குப் போகிறது. தனியாக உட்கார்ந்து குறி பார்த்தவரின் விளக்கு, குடும்பத்தோடு போகும்போது குறி தப்பிவிடும். மேலும், நாம் இடது புறமாகச் செல்லும் நாட்டினர். வலது புறமாகச் செல்லும் நாடுகளுக்கென்று செய்த விளக்குக் கண்ணாடியை இங்கே மாட்டினால், வெளிச்சம் எதிர்ச்சாரியில் உயர்ந்து அடிக்கும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

2017-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல், புதிய இரு சக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்போதெல்லாம் தானே எரிய வேண்டும் என்று சர்க்கார் விதித்தார்கள். பிறர் கண்ணில் வண்டி படுவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால், பல்பும் இணைப்புகளும் இரவு பகலாக உழைக்க நேரும்போது, அவற்றின் தரமும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டாமா? வண்டி உற்பத்தி செய்வோர் போதிய பருமனுள்ள கம்பியையும் ரிலேயையும் தாமே அமைத்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் தம் செலவில் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமல்ல. சர்க்காரோ, தெருவில் வருவோரைப் பிடித்து அபராதம் போடுவதோடு நில்லாமல், சோதிக்கப்படாத பல்புகள் விற்பனைக்கு வரும் இடத்திலேயே அவற்றைத் தடுக்க வேண்டும். வாங்கியவன் அறியாமையால் வாங்குகிறான். விற்றவன் அறிந்தே விற்கிறான்.

பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் வேலையுண்டு. விடியுமுன் பால் கொண்டு செல்பவரும், இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளியும், நள்ளிரவில் உணவு கொண்டு கொடுக்கும் வாலிபரும் இந்த விளக்கை நம்பியே பிழைக்கிறார்கள். அவர்களுடைய சங்கங்கள், மாதம் ஒரு நாள் மாலையில், ஒரு மின்மானியும் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு தேர்ந்த மெக்கானிக்கும் கொண்டு விளக்குச் சோதனை நடத்தலாம். வோல்ட்டை அளந்து, இணைப்பைத் துடைத்து, குறியைத் திருத்தி அனுப்ப ஒரு வண்டிக்கு அதிக நேரம் பிடிக்காது. ஊர்வலமும் கூட்டமும் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

விபத்து நடந்த பிறகு நஷ்ட ஈடு கேட்டுப் போராடுவதும், மாலை போட்டு அனுதாபம் தெரிவிப்பதும் நமக்குப் பழக்கமாகிவிட்டன. அரை வோல்ட்டு குறையாமல் பார்த்துக்கொள்வது அத்தனை கண்ணியமான வேலையாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால், மாலையால் ஓர் உயிரும் திரும்பியதில்லை. விளக்கால் பல உயிர்கள் பிழைக்கும். இன்று மாலை வண்டியை எடுக்குமுன், வாசகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விளக்கைச் சுவரில் அடித்துப் பார்ப்பார்களாக.